பூம்பூம் மாட்டுக்கிட்ட வரம் கேட்ட பேராண்டி

வாலே பேராண்டி, வந்து உக்காரு. கண்ணு ரெண்டும் கோவப்பழமா செவந்து கெடக்கு. ராத்திரி பூரா கம்பைலர் கட்டுனியாமே? உங்க ஆச்சி காலையில இருந்து புலம்புதா. "கொத்தனாரும் வரல, சிமெண்டும் எறங்கல, பய என்னத்தையோ கட்டுதேன்னுட்டு உக்காந்திருக்கான், லேப்டாப்பு அனலா கொதிக்கு"ங்கா. கட்டுனது நின்னுச்சா, சாஞ்சுச்சா? சாஞ்சுட்டு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே.

எனக்கு என்னலே தெரியும்? பருத்திக் காட்டுக்காரன்கிட்ட வந்து இதைக் கேக்கே. அந்தக் காலத்துல பெங்களூருல மோட்டோரோலா 68000 போர்டுக்கு ஜிசிசி கட்டி வயித்தைக் கழுவுனேன், அம்புட்டுதான். இப்ப நீங்கல்லாம் எட்டு கோர் லேப்டாப்புக்காரவுக. உங்களுக்கு நான் புத்தி சொல்ல முடியுமா? சும்மா ரெண்டு கேள்வி கேக்குதேன். பதிலை நீயே சொல்லிக்க.

காலேஜுல எஃப்பிஜிஏ போர்டு குடுத்திருக்காவ. அதுக்குள்ள சென்னை ஐஐடியில பண்ணுன சக்தி ப்ராசஸர், 64 பிட்டு. சந்தோசம். ரிஸ்க்-வி-ங்கிற கட்டளைத் தொகுப்பை 2010-ல பெர்க்லியில ஆரம்பிச்சாவ. அதை வச்சு நம்ம ஊருப் பிள்ளைக 2018-ல லினக்ஸ் பூட் ஆகுற சிப்பே பண்ணிட்டாவ. பெருமைதான். ஒன் வேலை என்னன்னா, அந்தப் போர்டுல சென்சார் சொல்லுற சூட்டை ரெண்டு டெசிமல்ல ப்ரின்ட் பண்ணணும். லேப்டாப்பு இன்டெல், போர்டு ரிஸ்க்-வி. இங்கன ஓடி அங்கனக்கு எழுதுற க்ராஸ் கம்பைலர் வேணும். எங்கயோ கெடந்த கான்ஃபிகர் வரி ஒண்ணைப் பாத்துப் பாத்து டைப் அடிச்சே. மேக் போட்டே. ஸ்க்ரீன்ல ஓடுற எழுத்தை விடிய விடியப் பாத்துக்கிட்டு இருந்தே. நீ பாக்கலைன்னா அது ஓடாமப் போயிருமேன்னு பயம் போல.

கடைசியில லிங்கர் சொல்லிட்டு: "கான்ட் லிங்க் சாஃப்ட்-ஃப்ளோட் மாட்யூல்ஸ் வித் டபுள்-ஃப்ளோட் மாட்யூல்ஸ்". ஒடனே லிங்கர்ல பக்குன்னு தாத்தாகிட்ட ஓடி வாரே. ஏலே, 1987-ல ஸ்டால்மேன் ஜிசிசியை வெளிய விட்டதுல இருந்து ஒன்னைய மாதிரி எத்தனை பயலுவ லிங்கரைத் திட்டிருப்பானுக! அந்தக் கூட்டத்துல மானமுள்ள ஆளு அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் நீ என்ன சொன்னாலும் சரிங்கும்.

சரி, நீ கட்டுன கம்பைலரைக் கூப்பிடு. பேருக்குப் பின்னால ஒரு ஹைஃபன் போட்டு வி-ன்னு அடி. என்ன வருது? "கான்ஃபிகர்டு வித்"-னு ஒரு நீள வரி வருதுல்லா? நீ அதைப் பெத்தெடுத்தப்ப என்ன சொன்னேன்னு அதுக்கு ஞாபகம் இருக்கு, ஒனக்குத்தான் இல்லை. படி, சத்தமா. "டார்கெட், ரிஸ்க்வி64 ஹைஃபன் அன்நோன் ஹைஃபன் எல்ஃப்." நல்லது. "ப்ரிஃபிக்ஸ், ஸ்லாஷ் ஆப்ட் ஸ்லாஷ் ரிஸ்க்வி." இருக்கட்டும். "டிசேபிள் மல்ட்டிலிப்." ம். "வித்..." நில்லு நில்லு. அங்கன எழுத்துக்கூட்டு. ஏ, ஆர், ஹெச், சி. ஆர்ச்சுக்கு எழுத்து என்னலே? ஏ, ஆர், சி, ஹெச். ஏ இடத்துல ஏ நிக்கு, ஆர் இடத்துல ஆர் நிக்கு, பின்னால நிக்க ரெண்டு பேரும் இடம் மாறி நிக்காவ. இதுக்குத்தான் ராத்திரி முழிச்சே.

"தப்புன்னா அது சொல்லிருக்க வேண்டாமா தாத்தா"ங்கே. அங்கதான் சூட்சுமம். கான்ஃபிகர்ங்கிறது பூம்பூம் மாடுலே. "நல்ல காலம் வருமா?" தலையாட்டும். "வித்-ஏஆர்ஹெச்சி போடவா?" அதுக்கும் தலையாட்டும். "வித்-ஆச்சி-சுட்ட-முறுக்கு"-ன்னு எழுதிப் பாரு, அதையும் வாங்கி வச்சுக்கும், ஒரு வார்த்தை கேக்காது. சாதாரணமா ஆட்டோகான்ஃப் வச்சுப் பண்ணுன கான்ஃபிகர், தெரியாத ஆப்ஷனைப் பாத்தா ஒரு வார்னிங்காவது முணுமுணுக்கும். ஜிசிசி அந்த முணுமுணுப்பையும் வேணும்னே அடைச்சு வச்சிருக்கு. ஏன்னா உள்ள ஒரு குடும்பமே இருக்கு. லிப்ஜிசிசிக்கு ஒரு கான்ஃபிகர், சி ப்ளஸ் ப்ளஸ் லைப்ரரிக்கு ஒண்ணு, இன்னும் எத்தனையோ. மேல நிக்கது ஒன் வரியை அப்படியே எல்லாருக்கும் கைமாத்தி விடும். ஒருத்தருக்குத் தெரியாத ஆப்ஷன் இன்னொருத்தருக்குச் சொந்தமா இருக்கலாம். எல்லாரும் "இது எங்களுது இல்லை"ன்னு கத்துனா காது கிழிஞ்சுரும்னு, யாருமே வாயத் தொறக்காம வச்சுட்டாவ. அதனால நீ தப்பா எழுதுன சொல்லு ஊரெல்லாம் சுத்திட்டு, கேப்பாரில்லாம செத்துப் போச்சு.

அப்புறம் என்ன ஆச்சு? ஆர்ச் சொல்லாதவனுக்கு ஜிசிசி தானா ஒண்ணு வச்சிருக்கு: ஆர்வி64ஜிசி. அதுல ஜி-ன்னா முழுச் சாப்பாடு. முழு எண், பெருக்கல் வகுத்தல், அட்டாமிக், அதோட ஒத்தைத் தசமம் ரெட்டைத் தசமம் ரெண்டுக்கும் தனி ஹார்டுவேர். அதுக்கேத்த ஏபிஐ எல்பி64டி. ஃபங்ஷனுக்கு டெசிமல் நம்பரைக் குடுக்கப்போ தசம ரெஜிஸ்டர்ல வச்சுக் குடுப்பேங்கிற ஒப்பந்தம் அது. ஒன் போர்டுல போட்டிருக்கது ஆர்வி64ஐமேக். தசம யூனிட்டே கெடையாது. ஒப்பந்தம் வெறும் எல்பி64. நீ ஒன் ப்ரோக்ராமை ஒழுங்கா எல்பி64-ன்னுதான் கம்பைல் பண்ணுனே. கம்பைலரோட பொறந்த லைப்ரரி எல்லாம் எல்பி64டி. டிசேபிள் மல்ட்டிலிப் வேற போட்டுட்டே, மாத்து லைப்ரரி ஒண்ணும் கைவசம் இல்லை. ஒவ்வொரு ஆப்ஜெக்ட் ஃபைல் தலைப்புலயும் எந்த ஒப்பந்தம்னு ஒரு குறி இருக்கும். நீ டெசிமலையே தொடாம ரெண்டு முழு எண்ணைக் கூட்டியிருந்தாலும் லிங்கர் அந்தக் குறியைப் பாத்துட்டு கதவைச் சாத்திரும். சாத்துனதுக்கு அதைக் கும்பிடு. சேத்து விட்டிருந்தா போர்டுல முதல் தசமக் கட்டளை வந்த எடத்துல "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்"னு ட்ராப் அடிச்சு நிக்கும். நீ சென்சாரைக் கழட்டி மாட்டிக்கிட்டு இருப்பே.

வாத்தியாரு கேட்டா சொல்லு: தசம யூனிட் இல்லாத போர்டுல ரெண்டு டெசிமல் நம்பரைப் பெருக்கணும்னா லிப்ஜிசிசிக்குள்ள இருக்க ஒரு ஃபங்ஷன் வந்து முழு எண்ணை வச்சே அந்த வேலையைப் பண்ணும். அதனாலதான் கம்பைலர் கட்டும்போதே போர்டு என்னன்னு சொல்லணும்ங்கேன். பொறவு கமாண்ட் லைன்ல சொன்னா அதுக்குள்ள லைப்ரரி பொறந்து வளந்துட்டு.

அடுத்த கேள்வி. பில்டு யாரு, ஹோஸ்ட் யாரு, டார்கெட் யாரு? முழிக்காதே. கம்பைலரைக் கட்டுற மெஷின் பில்டு. கட்டுன கம்பைலர் ஒக்காந்து ஓடப் போற மெஷின் ஹோஸ்ட். அந்தக் கம்பைலர் யாருக்காக எழுதித் தள்ளுதோ அந்த மெஷின் டார்கெட். ஒனக்கு முதல் ரெண்டும் ஒரே லேப்டாப்பு, அதனால டார்கெட் மட்டும் சொன்னாப் போதும். ஹோஸ்ட்டுன்னா போர்டுதானேன்னு நெனச்சுக்கிட்டு அங்க ரிஸ்க்வி-ன்னு எழுதுற மகராசனுக இருக்கானுக. அவனுக போர்டுக்கு மேலயே ஓடுற கம்பைலரைக் கேக்கானுக. மெமரியே ஒரு கைப்பிடி, அதுல ஜிசிசி ஓடணுமாம்.

மூணும் மூணு மெஷினா இருக்குறதும் உண்டு. லினக்ஸ்ல ஒக்காந்து, விண்டோஸ்ல ஓடுற, ரிஸ்க்-விக்கு எழுதுற கம்பைலரைக் கட்டுனா அதுக்குக் கனடியன் க்ராஸ்னு பேரு. பேரு வச்ச காலத்துல கனடாவுல தேசியக் கட்சி மூணு இருந்துதாம், அதான். ஒன் விண்டோஸ் சிநேகிதன் கேட்டான்னு அதுல எறங்கிராதே. எறங்குனாலும் ப்ரிஃபிக்ஸ்ல இடைவெளி விட்ட டைரக்டரி பேரைக் குடுத்துராதே. மேக்ஃபைல் அந்த இடைவெளியில விழுந்து செத்துரும்.

சரி, எந்த வரிசையில கட்டுனே? அசெம்பிளரும் லிங்கரும் இருக்க பின்யூட்டில்ஸ், பொறவு ஜிசிசி, பொறவு நியூலிப்ங்கிற சி லைப்ரரி. நியூலிப் இல்லாம முழு ஜிசிசி எப்பிடிக் கட்டுனே? "பாதியில நின்னுச்சு தாத்தா, திரும்பப் போட்டேன், ஓடிருச்சு." இதுதான் நம்ம ஊருல சொல்லுவாவல்லா, கோட்டி தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் கோட்டி தெளியும்னு. ஜிசிசிக்கு சி லைப்ரரியோட ஹெட்டர் வேணும். சி லைப்ரரியைக் கம்பைல் பண்ண ஜிசிசி வேணும். இதுக்குப் பழைய ஆளுக ஒரு வழி வச்சிருக்காவ. முதல்ல சி மட்டும் தெரிஞ்ச அரைகுறை ஜிசிசி ஒண்ணு. வித்தவுட்-ஹெட்டர்ஸ், வித்-நியூலிப், டிசேபிள்-ஷேர்டு, டிசேபிள்-த்ரெட்ஸ் எல்லாம் போட்டு, ஆல்-ஜிசிசி மட்டும் மேக் பண்ணு. அதை வச்சு நியூலிப்பைக் கட்டு. பொறவு திரும்பி வந்து முழு ஜிசிசி. நீ தற்செயலா அதே வழியிலதான் விழுந்து எந்திரிச்சிருக்கே.

எல்லாத்துக்கும் ப்ரிஃபிக்ஸ் ஒண்ணா இருக்கணும், அதோட பின் டைரக்டரி பாத்-ல முன்னால நிக்கணும். இல்லாட்டி ஜிசிசி ரிஸ்க்-வி அசெம்பிளரைத் தேடிப் பாத்துட்டு, கெடைக்கலைன்னதும் லேப்டாப்போட இன்டெல் அசெம்பிளர்கிட்டப் போய் நிக்கும். அது ரிஸ்க்-வி எழுத்தைப் பாத்துட்டு "நோ சச் இன்ஸ்ட்ரக்‌ஷன்"னு பக்கம் பக்கமா வையும். ஸ்லாஷ் ஆப்ட்-ல போட்டா இன்ஸ்டாலுக்கு சூடோ வேணும். சூடோ ஒன் பாத்-ஐ மறந்துரும், ரேன்லிப்பைக் காணோம்னு நிக்கும். ஒங்க ஹோம் டைரக்டரியிலயே போட்டுத் தொலையேன், யாரு கேக்கா?

இப்ப ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்க. ஆர்ச்சை எழுத்துக்கூட்டி ஒழுங்கா எழுதி, இன்னைக்கு ராத்திரியும் முழிச்சுக் கட்டிட்டு வருவே. நாளைக்குக் காலையில லிங்கர் வேற பாட்டு பாடும்: "ரீலொகேஷன் ட்ரங்கேட்டட் டு ஃபிட்". ஒன் போர்டுல மெமரி எங்க ஆரம்பிக்கு? ஹெக்ஸ்ல எட்டு போட்டு ஏழு சைபர். சரியா 2 ஜிபி. ரிஸ்க்-வி ஜிசிசி சும்மா விட்டா மெட்லோ-ன்னு ஒரு கணக்குல எழுதும். எல்லா அட்ரஸும் சைபருக்கு மேல கீழ 2 ஜிபிக்குள்ள இருக்கும்னு நம்பிக்கிட்டு எழுதுற கணக்கு அது. ஒன் மெமரி அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் முதல் காலை வச்சு நிக்கு. 64 பிட்டுல இது எட்டாது. மெட்எனி-ன்னு இன்னொரு கணக்கு இருக்கு. ஓடுற எடத்துல இருந்து தூரம் அளந்து எழுதும், எங்க வச்சாலும் கவலையில்லை. ஒன் ப்ரோக்ராமை மட்டும் மெட்எனியில கம்பைல் பண்ணுனா போதாது, நியூலிப்பும் லிப்ஜிசிசியும் அப்பிடிப் பொறக்கணும்.

ஒடனே புத்திசாலி என்ன பண்ணுவே? சிஃப்ளாக்ஸ்ல மெட்எனியைப் போட்டு கான்ஃபிகரை ஓட்டுவே. அது இன்னைக்குத்தான் அதிசயமா தலையை ஆட்டாம நிக்கும்: "சி கம்பைலர் கேனாட் க்ரியேட் எக்ஸிக்யூட்டபிள்ஸ்". லேப்டாப்புல கம்பைலரே செத்துட்டுன்னு நெனச்சு உபுண்டுவைத் திரும்ப இன்ஸ்டால் பண்ணப் போவே. போகாதே. கான்ஃபிக்-டாட்-லாக்-ஐத் தொற. கடைசிப் பக்கத்தைப் பாக்காதே, அங்க வெறும் மாறிகளோட பட்டியல்தான் கெடக்கும். மேல ஏறி வா. மெட்எனியைத் திட்டுற "எரர்" எங்க இருக்கோ அங்க நில்லு. மெட்எனி தெரியாதுங்கும், அதோட எனக்குத் தெரிஞ்சது 32, கெர்னல், லார்ஜ், மீடியம், ஸ்மால்னு ஒரு லிஸ்டும் குடுக்கும். அது இன்டெல் ஜிசிசி பேசுற பேச்சு. சிஃப்ளாக்ஸ்ங்கிறது கம்பைலரையே கட்டுறப்போ லேப்டாப்பு ஜிசிசிக்குப் போற சொல்லு. போர்டுல ஓடப் போற லைப்ரரிக்குச் சொல்லணும்னா அதுக்குன்னு சிஃப்ளாக்ஸ்-ஃபார்-டார்கெட்-னு தனியா ஒண்ணு இருக்கு. அதுல மெட்எனியைப் போடு. போடும்போது ஓ2-வையும் சேத்துப் போடு. நீயா ஒண்ணு எழுதுனா, அது வழக்கமா வச்சிருந்த ஓ2 காணாமப் போயிரும். பொறவு ப்ரின்ட்எஃப் ஒண்ணே போர்டை அடைச்சுக்கிட்டு ஒக்காரும்.

வெர்ஷனையும் கலக்காதே. புதுசு பழசு கலந்தா வேற ஒரு கூத்து. 2022-ல வந்த பின்யூட்டில்ஸ் 2.38-உம் ஜிசிசி 12-உம் ரிஸ்க்-வியோட புது விதிப் புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு. அதுல கன்ட்ரோல் ரெஜிஸ்டரைத் தொடுற சிஎஸ்ஆர் கட்டளையை எல்லாம் ஐ-ங்கிற அடிப்படைத் தொகுப்புல இருந்து பிரிச்சு, ஜிக்ஸர்னு தனிக்குடித்தனம் வச்சுட்டாவ. பழைய ஸ்டார்ட்அப் கோடை அப்பிடியே போட்டா "ஜிக்ஸர் எக்ஸ்டென்ஷன் ரெக்வயர்டு"ன்னு நிக்கும். ஆர்ச்சுக்குப் பின்னால அடிக்கோடு போட்டு அதையும் எழுதிரு.

ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசின்னு மூணு கணக்கு லைப்ரரியையும் கான்ஃபிகர் கேக்குதேன்னு சலிச்சுக்கிட்டியாம். சைன் 0.5-ன்னு நீ எழுதுனா கம்பைலரே அதைக் கணக்குப் பண்ணி வச்சிரும்லே. எந்த மெஷின்ல ஓடுனாலும் ஒரே விடை வரணும்லா? ஒன் லேப்டாப்போட கணக்கு லைப்ரரியை நம்பி இன்னொரு ப்ராசஸருக்கு எழுத முடியாதுன்னுதான் 2008-ல ஜிசிசி 4.3 வந்தப்போ எம்பிஎஃப்ஆரைக் கட்டாயமாக்குனாவ. எம்பிசி பின்னால வந்து ஒட்டிக்கிட்டு. கான்ட்ரிப் டைரக்டரிக்குள்ள டவுன்லோட்-ப்ரீரெக்விசிட்ஸ்னு ஒரு ஸ்க்ரிப்ட் இருக்கு, அதை ஓட்டு, எல்லாம் தானா வந்து சேரும்.

மேக்குக்கு ஜே போடும்போது நம்பர் போடாம விட்டுரு, நல்லா வேகமா ஓடும். 8 ஜிபி லேப்டாப்புல நூறு ஜாப் ஒண்ணா எந்திரிச்சு, "கில்டு சிக்னல் டெர்மினேட்டட் ப்ரோக்ராம் சிசி1ப்ளஸ்"னு பொணத்தை எண்ணிக்கிட்டு இருக்கலாம். ஜிசிசியில பக்னு அதுக்கும் ஓடி வா. நான் எங்க போகப் போறேன்.

சோர்ஸ் டைரக்டரிக்குள்ளயே கான்ஃபிகர் ஓட்டுனியா? ஓட்டிருப்பே. வெளிய தனியா ஒரு டைரக்டரி போட்டு ஓட்டணும். ஒரு ஆப்ஷன் மாத்துனாலும் அந்த டைரக்டரியை அடியோட அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பி. மேக் க்ளீன் பண்ணேன் தாத்தான்னு சொல்லாதே, பழைய கான்ஃபிகரோட எச்சம் அதுல போகாது.

"க்ளாங் போட்டா இந்தத் தொல்லை இல்லைல்லா தாத்தா?" இதைக் கேப்பேன்னு தெரியும். கிறிஸ் லாட்னர் 2000-ல இல்லினாய் யுனிவர்சிட்டியில ஆரம்பிச்ச எல்எல்விஎம் மேல நிக்க கம்பைலர் அது. ஒரே பைனரிக்குள்ள எல்லா டார்கெட்டும் ஒக்காந்திருக்கும். உண்மைதான், கம்பைலரை மட்டும் பாத்தா நிம்மதி. லைப்ரரியை யாரு கட்டுவா, ஒன் மாமனா? கம்பைலர்-ஆர்டி-ன்னு ஒண்ணு, சி லைப்ரரி ஒண்ணு, ரெண்டையும் ஒன் போர்டுக்குன்னு நீதான் கட்டணும். அங்கயும் இதே ஆர்ச், இதே ஏபிஐ, இதே மெட்எனிதான் வந்து நிக்கும். எல்எல்விஎம்-ஐயே கட்டுதேன்னு எறங்குனா பில்ட் டைப்ல ரிலீஸ் போடு. டிபக் போட்டா லிங்க் பண்றப்போ ஒன் 8 ஜிபி ஒரு வாய்க்குப் பத்தாது.

என்ன யோசிக்கே? ரெண்டு டெசிமலுக்கு இவ்வளவு பாடான்னா? சூட்டை நூறால பெருக்கி முழு எண்ணாவே வச்சுக்கிட்டு, ப்ரின்ட் பண்ணும்போது நடுவுல ஒரு புள்ளியை நீயே வச்சா எந்த மெஷின் வேண்டாம்னு சொல்லுது? அதுவும் போக, ஒன் உபுண்டுல ஏபிடி இன்ஸ்டால் போட்டு ஜிசிசி-ரிஸ்க்வி64-அன்நோன்-எல்ஃப்-னு அடிச்சா ரெடிமேட் கம்பைலரே வந்து எறங்கிரும். நியூலிப் அதுல கெடையாது. கீத் பேக்கார்டு பண்ணுன பிகோலிப் தனி பேக்கேஜா இருக்கு, அதையும் சேத்து வாங்கிக்க.

எதுக்குலே மொறைக்கே? முதல்லயே சொல்லிருக்கலாம்லாங்கே. நீ வந்து கேட்டது லிங்கர் ஏன் திட்டுதுன்னு. கட்டாம இருக்க வழி இருக்கான்னு கேக்கவே இல்லியேலே.